மாஸ்டரின் கார் உடையாத கதை

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் மாஸ்டரைக் கையில் பிடிக்க முடியாது. டிவிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதில் கார்களை உடைத்துக் காட்டுவார்கள். கிரேனில் தூக்கித் தொப்பென்று போடுவார்கள். மலைச்சரிவில் உருட்டிவிடுவார்கள். வரிசையாக நிறுத்தி லாரியால் இடிப்பார்கள். ஒவ்வொரு இடிக்கும் மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

இத்தனைக்கும் அவருடைய தொழிலே நசுங்கின கார்களை நிமிர்த்துவதுதான். யாரோ எதிலோ கொண்டுபோய் மோதின கதவை மடியில் கிடத்தி, பகல் பூராவும் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பார். ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அந்தச் சத்தத்தில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. மனைவி பேசும்போது மட்டும் மீதிப் பாதியும் போய்விடும்.

மனைவி டெய்லர். தையல் மெஷின் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. மெஷினை நகர்த்தினால்தான் ஃப்ரிட்ஜ் திறக்கும். தைத்துக் கொடுத்த துணியெல்லாம் வெங்காய வாசனையோடு போகிறது என்று கஸ்டமர்கள் மூக்கைச் சுளிக்க ஆரம்பித்திருந்தார்கள். நாலைந்து பேர் வேறு டெய்லரிடம் போயே விட்டார்கள். குனிந்து குனிந்து அந்தம்மாவுக்கு முதுகுவலி வேறு.

வீட்டுக்கு முன்னால் நல்ல வெளிச்சமான ஷெட் ஒன்று இருந்தது. அதில் மாஸ்டரின் கார் நின்றது. என்ஜின் எப்போதோ மூச்சை நிறுத்திவிட்டது. முன்பக்கம் பெரிய ஒடுக்கு. "நேரம் கிடைச்சதும் நானே சரி பண்ணிடறேன்" என்பார். ஊரில் உள்ள ஒடுக்கையெல்லாம் எடுத்தவருக்குத் தன் வண்டி ஒடுக்கை எடுக்க மட்டும் நேரம் கிடைக்கவேயில்லை. அது அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கின முதல் வண்டி. அதைக் கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு டிவியில் ஒரு பச்சைக் கார் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, அந்த வண்டி நல்லாத்தானே இருக்கு? அதை ஏன் போட்டு உடைக்கிறாங்க?"

"பழசும்மா. ஓடாது."

"ஓடலேன்னா உடைச்சுடறதா? கண்ணாடி இருக்கு, சீட்டு இருக்கு. யாருக்காவது உதவுமே. பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு."

"உனக்கு ரசனையே கிடையாது. துருப்பிடிச்சு மூலையில கிடக்கறதுக்கு, நாலு பேரைச் சிரிக்க வச்சுட்டுப் போகட்டுமே. வேடிக்கைன்னா கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்."

மனைவி ஊசியைக் கீழே வைத்தார். "துருப்பிடிச்சு மூலையில கிடக்கறதுக்கு..." என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "நீங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது."

கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டரின் பேச்சில் யாரும் நியாயம் கண்டதில்லை. மாஸ்டர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவரோ பூரித்துப்போய் இன்னொரு டீ கேட்டார். கேட்டதும் வந்தது. அதற்காவது உஷாராகியிருக்கலாம்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது, ஷெட்டில் ஒரு மஞ்சள் சட்டைக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் இரண்டு கார்கள் மோதிக்கொள்வதுபோல் படம் தைத்திருந்தது.

"யாரு இவரு?"

"டிவியிலேர்ந்து வந்திருக்காரு. நம்ம வண்டியை உடைச்சுக் குடுக்கறாங்களாம்" என்றார் மனைவி.

மாஸ்டர் ஓடிப்போய்க் காரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொன்னதை அம்மா போன்ல சொன்னாங்க சார்" என்றார் மஞ்சள் சட்டைக்காரர். "எங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மேலேர்ந்து போடறதா, லாரியால இடிக்கறதா? உங்க இஷ்டம்."

"யாரும் எதையும் இடிக்க வேண்டாம்."

"நாலு பேரைச் சிரிக்க வச்சுட்டுப் போகட்டுமே" என்றார் மனைவி.

"என்னடி சிரிப்பு? அந்தக் கதவைப் பாரு, ஒரு கீறல் உண்டா? கண்ணாடி, சீட்டு, விளக்கு, எல்லாம் அப்படியே இருக்கு. இப்பல்லாம் இந்த மாதிரி தகடு கிடைக்குமா? எத்தனை வண்டிக்கு உயிர் குடுக்கலாம் தெரியுமா? இதைப் போய் உடைக்கறது அக்கிரமம்."

"அப்போ உடைக்கறது வீணுங்கறீங்க?"

"வீணோ வீண்."

"உதவற பொருளை யாருக்கும் குடுக்காம ஷெட்டுல நிறுத்தி வைக்கறது?"

மாஸ்டர் கார்க் கதவைத் தடவிக்கொடுத்தார். மஞ்சள் சட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், கிரேனுக்குச் சொல்லணும். என்ன முடிவு?"

"கழட்டிக் குடுத்துடறேன்யா. வேணுங்கறவங்களுக்கு நானே கழட்டிக் குடுத்துடறேன்."

"எப்போ?" என்றார் மனைவி.

"நாளைக்கே."

சொன்னபடி செய்தார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றும்போது மனசு கனத்தது. ஆனால் கதவைக் கொண்டுபோய் ஒரு நர்ஸம்மாவின் அடிபட்ட காரில் மாட்டி, அந்தம்மா கையசைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம கதவு ரோட்டுல போகுது" என்று வீட்டில் வந்து சொன்னார். மனைவி கேலி செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் முன் சீட்டு மட்டும் மிஞ்சியது. அதற்கு மாஸ்டரே நாலு கால் பொருத்தி, காலியான ஷெட்டுக்கு வந்துவிட்ட தையல் மெஷினுக்கு முன்னால் போட்டார். மனைவி வெளிச்சத்தில், முதுகைச் சாய்த்துக்கொண்டு தைப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இதை முன்பே செய்திருக்கலாம் என்று தோன்றியது. போன கஸ்டமர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். டிவியும் ஷெட்டுக்கு வந்தது. இப்போதெல்லாம் கார் விழுந்தால் மாஸ்டர், "ஐயோ, நல்ல பம்பர் ஆச்சே" என்று பதறுவார். மனைவிதான் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அந்த மஞ்சள் சட்டைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் மளிகைக்கடைப் பை.

"அக்கா, சாமான் கொண்டாந்திருக்கேன். அப்படியே இந்தச் சட்டைப் பையில நீங்க தச்ச படத்தைப் பிரிச்சு விட்டுடுங்க. இது என்னன்னு எங்க கடை முதலாளி தினம் கேக்கறாரு" என்றவர், மூலையில் இருந்த மாஸ்டரை அப்போதுதான் பார்த்தார். சாமானை வைத்துவிட்டு ஆள் நழுவிவிட்டார்.

மாஸ்டர் மஞ்சள் சட்டை போன திசையையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிப்பாவி, என் வண்டி போச்சேடி."

மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேடிக்கைன்னா கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யுங்க."