இனிமேல்காரர்

வேல்பாண்டி வேலையை விட்டுப் போனது ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று. ஸ்ரீவில்லிபுத்தூரே திரண்டு வடம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று, 'வெற்றிப்படி அகாடமி'யில் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் பழக்கிவந்த அந்த மனிதர், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி நிறுவனரின் மேசையில் வைத்தார்.

"அந்தப் பிள்ளை போட்டோவ எறக்குங்க. எறக்கின பொறவு ஒரு போன் போடுங்க, கிரவுண்டுக்கு வாரேன்."

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார்.

நிறுவனர் கௌதம்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பல்ல, நிஜமான கண்ணீர். உடனே ஊழியர்களை எல்லாம் கூப்பிட்டார். வேல்பாண்டியைத் திரும்ப அழைப்பதற்கா? இல்லை. போட்டோவை இறக்கச் சொல்வதற்கா? அதுவும் இல்லை. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நம்ம அகாடமியிலருந்து ஒருத்தர்கூட மனசு நொந்து வெளிய போகக் கூடாது. இத ஒரு பாலிசியா பண்ணிருவோம்" என்றார்.

வாசகர்களே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்தான் இனிமேல்காரர்.

இனிமேல்காரர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியம், திட்டிவிட்டுப் போய்விடலாம். இவரோ நேர்மையை நேசிப்பவர். அதிகாலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே நேர்மையைப் பற்றி ஸ்டேட்டஸ் வைப்பார், அதை யார் யார் பார்த்தார்கள் என்று பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பார், பார்க்காதவர்களுக்குத் தனியாக அனுப்பியும் வைப்பார். அவருடைய நேர்மையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயம், அது எப்போதும் நாளைக்குத்தான் ஆரம்பிக்கும். நேற்று நடந்த தவறுக்கு நாளை முதல் தடை விதிப்பார். இன்று? இன்று அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

இந்த இனம் எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஷில்லாங்கில் ஒரு விடுதிக்காரர், லிஸ்பனில் ஒரு வீட்டுத் தரகர் என்று பார்க்கப் போனால் உலகமே இவர்களால் நிரம்பி வழிகிறது. ஆனால் வளர்ந்துவரும் நிறுவனத்தின் தலைமையில் உட்காரும்போதுதான் இவர்கள் முழுமையாகப் பூத்துக் குலுங்குகிறார்கள்.

கௌதம்ராஜ் ராஜபாளையத்தில் ஒரு டயர் கடை மாடியில், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளோடு அகாடமியை ஆரம்பித்தபோது அவரிடம் நெறிமுறை எதுவும் கிடையாது. தேவைப்படவும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் போலீசிலோ பட்டாளத்திலோ இருக்கிற வட்டாரம். சீருடைத் தேர்வுக்குப் பயிற்சி என்று போர்டு வைத்ததுமே கூட்டம் ஏறியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளை திறந்தார். கிளை முளைத்ததும் கூடவே நெறிமுறையும் முளைத்தது. வழவழப்பான அட்டையில் நன்னெறிக் கையேடு. யோசனைப் பெட்டி, அதன் சாவி அவரிடம். நன்னெறிக் குழு, அதில் அவர், அவருடைய மச்சினர், அலுவலகத்தை நடத்துகிற ஜெபா. மாதந்தோறும் 'நேர்மைச் செம்மல்' விருது. அந்த மாதம் யார் ஒரு கேள்வியும் கேட்கவில்லையோ அவருக்கு. மச்சினர் வீட்டில் அலமாரி கொள்ளவில்லை.

திங்கட்கிழமை தோறும் உறுதிமொழி வேறு. தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள் ஒட்டிய சுவரைப் பார்த்து எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு, உண்மையைத் தவிர வேறெதுவும் பேச மாட்டோம் என்று சொல்ல வேண்டும். சுவரில் இருந்த முகங்களில் பாதிப் பேருக்கு இந்த மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது.

எப்படி என்று கேட்கிறீர்களா? பயிற்சி மைய உலகத்தின் வழக்கம் அது. தேர்வு முடிவு வந்த அன்று, யார் முதலில் பிளக்ஸ் வைக்கிறார்களோ அவர்களுக்கே தேர்ச்சி பெற்ற பிள்ளை சொந்தம். இலவச மாதிரித் தேர்வு எழுத ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டுப் போனவரும் 'எங்கள் மாணவர்'தான். ஒரே முகம் ஒரே தெருவில் நான்கு அகாடமிகளின் பிளக்ஸிலிருந்து சிரிக்கும். பிளக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தலையில்லாத காக்கிச் சட்டைகள் தயாராக இருக்கும். தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

அப்படித்தான் அந்த வருஷம் தேர்ச்சிப் பட்டியலில் ஒரு முனீஸ்வரி வந்தாள். அகாடமியின் பதிவிலோ ஏகப்பட்ட முனீஸ்வரிகள். விடிந்ததும் போன் போட்டு எந்த முனீஸ்வரி என்று கேட்டுவிடலாம் என்றார் வேல்பாண்டி. விடியும்வரை பொறுத்தால் எதிர்மாடி அகாடமிக்காரன் முந்திவிடுவான் என்று மச்சினர் பதறினார். கௌதம்ராஜ் எல்லா முனீஸ்வரிகளின் படங்களையும் மேசையில் பரப்பி, கண்ணை மூடி மனசாட்சியைக் கேட்டார். பிறகு ஒன்றை எடுத்தார். "இதுதான் சிரிச்ச முகமா இருக்கு."

அந்தச் சிரித்த முகம் ஆலங்குளத்துப் பக்கத்துக்காரி. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் கருத்தப்பாண்டியின் மகள். தேர்வில் மயிரிழையில் தோற்றுப்போய் வீட்டில் படுத்துக் கிடந்தவள்.

பிளக்ஸை முதலில் பார்த்தது அவளுடைய அப்பாதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தின் வாசலில், ஆள் உயரத்துக்கு மேல், காக்கிச் சட்டையில் தன் மகள். லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நின்று பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, ஒவ்வொரு டிரைவரிடமும் போய் அவள் யார் என்று சொன்னார். பால்கோவாவைக் கிலோக் கணக்கில் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

முனீஸ்வரி தான் பெயில் என்று சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவர் நம்பவில்லை.

"ஏட்டி, பெயிலான பிள்ளைக்கு எவனாவது கைக்காசு போட்டு போர்டு வைப்பானா?"

நியாயமான கேள்விதானே? ஊரும் அதையே கேட்டது. அவள் மறுக்க மறுக்க, ரகசியப் போலீசில் எடுத்திருக்கிறார்கள், வெளியே சொல்லக் கூடாதாம் என்று டீக்கடையில் முடிவு கட்டினார்கள். ஸ்டேஷனில் பிடித்து வைத்திருந்த பைக்கை மீட்டுத் தரச் சொல்லி ஒரு சித்தப்பா வந்தார். வேலியை இவர்கள் நிலத்துக்குள் தள்ளிப் போட்ட பக்கத்துக் காட்டுக்காரன், தானாகவே அதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நட்டான். இதுவரைக்கும் சிரிப்புத்தான். ஆனால் போலீஸ்கார மாப்பிள்ளை ஒருவரின் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், கருத்தப்பாண்டியும் தலை நிமிர்ந்து சரி என்றுவிட்டார். இன்றைக்கோ நாளைக்கோ உண்மை தெரியும். அன்றைக்குப் பொய்யன் என்று பெயர் வாங்கப்போவது கௌதம்ராஜ் அல்ல, அவளுடைய அப்பா. வாழ்க்கையில் பாரம் குறைத்துக்கூடக் கணக்குச் சொல்லாத மனிதர்.

அதனால்தான் முனீஸ்வரி முதலில் வேல்பாண்டியிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுப் பார்த்து, விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனதைத்தான் ஏற்கெனவே பார்த்தோம். அடுத்து அவளே நேரில் வந்தாள்.

கௌதம்ராஜ் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேல்காரர்களைப் போல் காது கொடுத்துக் கேட்பவர்கள் உலகத்தில் கிடையாது. கேட்டு முடித்ததும் நெஞ்சில் கை வைத்து, நடந்தது தப்பு, பெரிய தப்பு, தூக்கமே வராது என்றார். அன்று இரவு நன்றாகத்தான் தூங்கினார். அது வேறு விஷயம்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. இனிமே ஆளக் கேக்காம ஒரு போட்டோகூட போடக் கூடாது."

"இனிமே சரி சார். இப்ப தொங்குறது?"

கௌதம்ராஜ் திகைத்துப்போனார். இத்தனை வருஷ நிர்வாக வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பஸ் நிலையத்து பிளக்ஸில் அந்த அக்காவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சேர்ந்த பிள்ளைகளின் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. சிவகாசிக் கிளைக்குக் கட்டடம் பார்த்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இந்த முகத்தை இறக்கினால் மற்ற முகங்களைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். எல்லாம் சரி, ஆனால் இதற்கு முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவசரப்பட்டு நேர்மையாக நடந்துவிட முடியுமா?

"அதுக்கு ஒரு குழு இருக்கும்மா" என்றார்.

குழு கூடியது. இப்போதே ஏணி அனுப்பி பிளக்ஸை இறக்கிவிடலாம் என்றாள் ஜெபா. மச்சினர் கொட்டாவி விட்டார். கௌதம்ராஜ், ஜெபாவின் துணிச்சலை மனமாரப் பாராட்டினார். பிறகு, மாணவரின் சம்மதம் இல்லாமல் படம் வெளியிடக் கூடாது என்று ஒரு கொள்கை உருவானது. இந்தக் கொள்கைக்குக் காரணமான பெண்ணை அகாடமி மறந்துவிடலாமா? அதற்கு 'முனீஸ்வரி கொள்கை' என்றே பெயர் வைத்தார்கள். அதை அறிவிக்க ஒரு பிளக்ஸ் அடித்தார்கள். அதில், நன்றியின் அடையாளமாக, முனீஸ்வரியின் படத்தைப் போட்டார்கள்.

அதே சிரித்த முகம். அதே காக்கிச் சட்டை. இந்த முறை ராஜபாளையத்திலும்.

முனீஸ்வரி வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே போய் உண்மையைச் சொன்னாள். அவர்கள் மறுபேச்சில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். கருத்தப்பாண்டி அந்த பஸ் நிலையம் வழியாக லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். கேட்டால், அந்த ரோட்டில் குழி அதிகம் என்றார்.

இதெல்லாம் கௌதம்ராஜின் காதுக்கும் எட்டியது. வருந்தினார். வருத்தத்தில் இன்னொரு கொள்கை போட்டார்.

காலம் ஓடியது. பிளக்ஸ் வெயிலில் வெளுத்தது. சிவகாசிக்குப் பிறகு சங்கரன்கோவில் கிளையின் திறப்பு விழா. மேடையில் கௌதம்ராஜ் நேர்மையைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த போன் ஒளிர்ந்து ஒரு வரி தெரிந்தது: 'சார், ஆலங்குளம் முனீஸ்வரி பேசுறேன். இந்தத் தடவை செலக்ட் ஆயிட்டேன்.'

அவருக்குப் புல்லரித்துவிட்டது. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அகாடமி பொய்யான படம் போட்டதாகச் சிலர் பேசினார்கள், அதற்கு இன்று பதில் கிடைத்துவிட்டது என்றார்.

"நாம பொய் சொல்லல. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டோம்."

அரங்கமே கைதட்டியது. உண்மையைச் சொல்லுங்கள், நீங்களும் தட்டியிருப்பீர்கள். முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்த செய்தி ஒன்றிரண்டு உங்கள் போனிலும் கிடக்காதா? இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைத் திறக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறீர்கள் அல்லவா? நினைத்துக்கொள்ளுங்கள். கௌதம்ராஜும் அப்படித்தான் நினைத்தார்.

அவர் படிக்காமல் விட்ட மீதியை, பேச்சு முடிந்து அவர் நீட்டிய போனை மேடைக்குக் கீழே வாங்கிக்கொண்ட ஜெபாதான் படித்தாள்:

'யார்கிட்டயும் போகல, வீட்டுலயே இருந்து படிச்சேன். அந்த போட்டோ இன்னும் தொங்குனா உங்ககிட்ட படிச்சேன்னு ஆயிரும், அது பொய். எறக்கச் சொல்லி இனிமே கேக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம நானும் எங்க அய்யாவும் ஏணியோட வாரோம். யூனிபார்ம் போட்டுட்டு வர மாட்டேன் சார், பயப்படாதீங்க. சொந்த வேலைக்கு அதப் போடக் கூடாது.'