உங்கள் வேடத்தில் நான்

விழுப்புரம்
12-2-1964

மேன்மை தங்கிய மைத்துனர் திண்டிவனம் சீனுவாசன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அப்பாதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெள்ளையம்மாளும் சுகம். அங்கே உங்கள் சுகத்தை விசாரிக்க, உங்கள் மகள் பொன்னியை வளவனூரில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எனக்கு மனம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. காரணம், கொஞ்ச நாளாக நான்தான் நீங்கள்.

விவரமாகச் சொல்கிறேன். பொன்னி தனக்குக் கிடைக்காத கோபத்தில் உங்கள் மருமகன், அதாவது என் மகன் நடராசன், சினிமா எடுக்கிறான். போட்டோ ஸ்டுடியோ ஞானராஜ் எங்கிருந்தோ ஒரு கேமரா கொண்டுவந்தான். ஓடவிட்டால் ரைஸ் மில் போலச் சத்தம் போடுகிறது. கதை இதுதான்: ஈவிரக்கமில்லாத மாமன் ஒருவன் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட, காதலன் அவனைக் கரும்புத் தோட்டத்தில் வெட்டிப் பழிவாங்குகிறான். காதலன் நடராசனேதான். மாமனாக நடிக்க வந்த முகையூர் நாடகக்காரர், அரிவாள் நிஜ அரிவாள் என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டார். "நீங்களே நடிச்சிடுங்க நைனா, மாமா மாதிரியே மொறைப்பீங்க" என்று எனக்கு ஒட்டுமீசை வைத்துவிட்டான்.

காணை ஊர்க் கரும்புத் தோட்டத்தில் அந்த வெட்டுக் காட்சியை எடுத்தபோது என் அலறல் கொஞ்சம் நன்றாக அமைந்துவிட்டது. பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து உங்கள் மருமகனை மொத்தினார்கள். "எம்புள்ளைங்க, சினிமாங்க, சினிமாங்க" என்று நான் கத்த, "பெத்தவன வெட்டிக்கினு சினிமா வேறயா" என்று மேலும் நாலு வைத்தார்கள். ஞானராஜ் கேமராவோடு வாய்க்காலில் விழுந்தான்.

வீக்கம் வடிந்ததும் பெண் கேட்கும் காட்சி எடுத்தோம். "ஏழைக்குப் பெண் கிடையாது, போடா வெளியே" என்பது எழுதிக்கொடுத்த வசனம். கேமரா சத்தத்தில் அது மறந்துபோய், நாங்கள் பெண் கேட்டு வந்த அன்று நீங்கள் சொன்னதே என் வாயில் வந்துவிட்டது. "மாப்ளே, நீ கழனியிலயும் எறங்க மாட்டேன்ற, வேலைக்கும் போவ மாட்டேன்ற. கட்டிக்கினு போய் எம்பொண்ணுக்கு என்னத்த போடுவ? அவளையே கேட்டேன், வேணாம்னுட்டா." நடராசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். "இன்னாமா நடிக்கிறான்" என்று ஞானராஜ் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டான். அன்று பிள்ளை சாப்பிடவில்லை. அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து கோபமாக எழுந்து வந்தவன் நான். உங்கள் இடத்தில் நின்று பார்த்தால், வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். மறுபடி அந்த வெட்டை எடுக்க வந்தால் நான் சாக மாட்டேன். உங்கள் வேடத்தில் சாவது உங்களுக்கு மரியாதையில்லை. வெள்ளையம்மாளும், "எங்கண்ணனா செத்தாலும் நீங்களா செத்தாலும் அழுவப்போறது நாந்தானே" என்கிறாள். நடராசன் கெஞ்சினான், கத்தினான். நான் மீசையைப் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டேன். இந்தப் படத்தை முடிய விடமாட்டேன். என் மூச்சு இருக்கும்வரை விடமாட்டேன்.

வீட்டில் அக்காவுக்கு என் கும்பிடு. பொன்னியும் அவள் புருஷனும் பிள்ளைகுட்டியோடு நிறைந்து வாழட்டும் என்று இப்போதாவது வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அப்பாதுரை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நடராசன் வந்தான். வெட்டு வேண்டாமாம், முடிவை மாற்றிவிட்டானாம். காதலனின் அப்பன், மாமன் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் உங்கள் வீட்டிலேயே எடுக்கிறோம். மீசையைத் திரும்ப வாங்கி ஒட்டிக்கொண்டேன், மாமன் நான்தான். அந்த அப்பன் வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் நடித்துக்கொடுக்க வேண்டும். வசனத்துக்குக் கவலை வேண்டாம், எனக்கு அது மனப்பாடம்.