நாலரை முதல் ஐந்து வரை சுதந்திரம்

ஜூன் 9, திங்கள். இன்றைய தவறு: புதுப் பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் ‘குழந்தையின் விருப்பம்’ என்ற கட்டத்தில் என் விருப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைய வேலை: வாண்டுவையே எழுத வைப்பது.

எழுதி முடித்துவிட்டு தராசுக்காரன் பேனாவை மூடினான். வெளியே மூன்றாவது நாளாக மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. காயாத துணியின் வாடை வீடு முழுக்க.

தராசுக்காரன் என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவன் உத்தியோகம். பெட்டியிலிருந்து எடைக்கற்களை எடுத்து வைப்பான், முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான், நோட்டில் குறிப்பான். அவன் நுழைந்தால் கடையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றுவிடும். ஒன்பது வருஷமாக அப்படித்தான். கடை என்றாலே அமைதியான இடம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டு நோட்டு பிறகு வந்தது. பதவி உயர்வுப் பரீட்சைக்காக அவன் போகும் மாலை வகுப்பில், “தினம் ஒரு தவறு, மறுநாளைக்கு ஒரு வேலை. ரெண்டையும் எழுதிட்டுத் தூங்குங்க” என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு மறந்தார்கள். இவன் நோட்டு வாங்கினான். தவறு எழுதியது போக மிச்சமிருந்த பக்கத்தில், மகள் வாண்டு பள்ளியைப் பற்றிச் சொல்வதையும் எழுத ஆரம்பித்தான்.

அங்கேதான் கவலை தொடங்கியது. வாண்டுக்கு ஏழு வயது. மாலை நாலரைக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கி வருவாள். அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பான்.

“இன்னைக்கு ஸ்கூல்ல என்னம்மா நடந்துச்சு?”

“ஒன்னும் இல்லப்பா.”

அவன் எழுதுவான்: ஒன்றுமில்லை. அப்படி நூற்றுப் பதினான்கு ‘ஒன்றுமில்லை’ சேர்ந்திருந்தது. ஐம்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பின் ஆசிரியையிடம் விசாரித்தபோது, “உங்க பொண்ணா? ஒரு தொந்தரவும் இல்லையே” என்றார். அதற்குப் பக்கத்தில் அவன் எழுதினான்: அடக்கி வைத்திருக்கிறார்கள். அவனும் பள்ளியில் ஒரு தொந்தரவும் இல்லாத பையனாகத்தான் இருந்தான். ஆறு வருஷம் படித்த பள்ளியில் ஒரு வாத்தியாருக்கும் அவன் பெயர் தெரியாது.

அதனால்தான் ஊர்க்கோடியிலிருந்த அந்தப் புதுப் பள்ளி. மணி கிடையாது, சீருடை கிடையாது, பரீட்சை கிடையாது. டீச்சர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் தடவை போனபோது முப்பத்தெட்டுக் கேள்விகள் எழுதிக்கொண்டு போனான்.

“பாடத்திட்டம் எப்படிங்க?” என்று பள்ளிப் பொறுப்பாளர் அக்காவிடம் கேட்டான்.

“எப்படி இருக்கணும்னு நினைக்கிறீங்க?”

“வாய்ப்பாடு எந்த வகுப்புல சொல்லிக் குடுப்பீங்க?”

“அவளுக்கு எப்ப வேணுமோ அப்ப.”

“வேணாம்னு சொல்லிட்டா?”

“அதுல உங்களுக்கு என்ன பயம்?”

முப்பத்தெட்டுக் கேள்வியோடு போனவன் எழுபதுக்கு மேல் கேள்விகளோடு திரும்பி வந்தான்.

அவன் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. “மணி இல்ல, பரீட்சை இல்ல. நாளைக்கு பல்லு தேய்க்கிறதும் என் இஷ்டம்னு வந்து நிப்பா. எங்க டாக்டருக்குத்தான் கொண்டாட்டம்” என்றாள்.

“அவ பேசவே மாட்டேங்கறாளேம்மா.”

மனைவி பெருமூச்சு விட்டாள். “நாள் முழுக்க ஊர்ல இருக்கவங்களுக்கெல்லாம் ‘ஆ காட்டுங்க, ஆ காட்டுங்க’ன்னு சொல்றேன். வீட்டுல ஒரு வாய் திறக்க மாட்டேங்குது. சரி, பாருங்க.”

செவ்வாய்க்கிழமை படிவத்தை மகள் முன்னால் வைத்தான்.

“உனக்கு எது பிடிக்குமோ அதை எழுதும்மா.”

“எது எழுதினா சரிப்பா?”

“சரி, தப்புன்னு எதுவுமே இல்ல. தோணுறத எழுது.”

வாண்டு அவன் கையைப் பார்த்தாள். கையில் பேனா, மடியில் நோட்டு. யோசித்து யோசித்துக் கடைசியில் கட்டத்துக்குள் எழுதினாள்: ஒன்றுமில்லை.

நூற்றுப் பதினைந்து.

ஒரு குழந்தைக்கு விருப்பம் என்று ஒன்றே இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை புதுப் பள்ளியில் ஒருநாள் இருந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அங்கேயும் இப்படி மரமாக நின்றால்? பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தான். அட்டையில் கோடு போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். நாலரை முதல் ஐந்து வரை: சுதந்திரம்.

புதன்கிழமை நாலரைக்கு மகளைக் கூடத்தில் விட்டுவிட்டு, “இப்ப நீ என்ன வேணா செய்யலாம்” என்று எதிரே உட்கார்ந்துகொண்டான். வாண்டு நாற்காலியில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் மழை வழிந்தது. கடிகாரம் ஓடியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு மெல்லக் கேட்டாள்.

“சுதந்திரம் முடிஞ்சுதாப்பா?”

“இன்னும் எட்டு நிமிஷம் இருக்கும்மா.”

வியாழக்கிழமை முறையை மாற்றினான். பிடிக்காததை ‘வேணாம்’ என்று சொல்லப் பழக்கினான். குழந்தை கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு வேணாம் என்றாள். குளியல் வேணாம் என்றாள். “நாளைக்குப் புது ஸ்கூல் போறோம்ல?” என்றதற்கும் வேணாம் என்றாள்.

“பிரமாதம்” என்றாள் மனைவி, தொடாத தட்டை எடுத்துக்கொண்டே. “பேசாத பிள்ளையச் சாப்பிடாத பிள்ளையாவும் ஆக்கியாச்சு.”

வெள்ளிக்கிழமை அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு போனான். பெற்றோர் விரும்பினால் இருக்கலாம் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அறையின் மூலையில் முழங்கால் முகவாயை இடிக்கும் ஒரு குட்டி ஸ்டூல் கிடைத்தது. உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

பிள்ளைகள் இரைச்சல் போட்டுக்கொண்டு அட்டைப்பெட்டிகளில் பாலம் கட்டினார்கள். ஒருத்தி மேஜைக்கு அடியிலிருந்து பாடினாள். வாண்டு தண்ணீர்த் தொட்டியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் எழுதினான்: 10.15, நிற்கிறாள். 10.30, நிற்கிறாள்.

ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி பக்கத்தில் வந்தாள்.

“அங்கிள், என்ன எழுதறீங்க?”

“சும்மா, பாக்கிறதையெல்லாம் எழுதறேன்.”

“அட!” என்று ஓடினாள். ஒரு நோட்டோடு திரும்பி வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கால் மணி நேரத்தில் பதினேழு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பாலம் பாதியில் நின்றது. பாட்டு நின்றது.

“அங்கிள் மூக்கைச் சொறிஞ்சாரு” என்று ஒரு குரல்.

“எத்தனை மணிக்கு?”

“பத்து அம்பத்தி மூணு.”

அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முட்டியில் வைத்தான். பதினேழு பேனாக்கள் குனிந்தன. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டான். கண்ணில் நீர் கோத்தது. அதையும் எழுதினார்கள். நல்ல மனிதர்கள்கூடத் தன் முன்னால் மெழுகு பொம்மையாகிவிடும் கடைகள் ஏனோ அவனுக்கு ஞாபகம் வந்தன. ஞாபகம் வந்ததோடு சரி.

பொறுப்பாளர் அக்கா எட்டிப் பார்த்து, “அடடா, தாங்களாவே என்னமா கவனிக்கக் கத்துக்கறாங்க!” என்று பூரித்தார்.

தொட்டியோரம் வாண்டு மட்டும் எழுதவில்லை. அப்பாவைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: “ஒரு இடம்தான் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடுங்க. இவளுக்கு இந்த இடம் பொருந்துமா, உங்களுக்கு என்ன தோணுது?”

அவனுக்குத் தோன்றுவதுதான் பிரச்சினை. வீடு திரும்பி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினான். பழைய பள்ளியில் பேசுவதில்லை. புதுப் பள்ளியிலும் பேசவில்லை. ஒரு பக்கத்தில் வாய்ப்பாடு, இன்னொரு பக்கத்தில் அட்டைப்பெட்டி. எந்தத் தட்டில் எதை வைத்தாலும் முள் அசையவில்லை.

“அந்தப் பழைய ஸ்கூல்தாங்க இவளை இப்படி ஆக்கிடுச்சு” என்றாள் மனைவி, குரல் உடைந்து. “இன்னும் ஒரு வருஷம் விட்டா மொத்தமா ஊமையாயிடுவா. சேத்துருங்க.”

ஐந்து ஐம்பதுக்கு அவன் ஃபோனைக் கையில் எடுத்தான். வாசலில் ஹாரன் சத்தம்.

பழைய பள்ளியின் வேன் டிரைவர். மழையில் நனைந்துகொண்டு படியருகே நின்றார்.

“பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா சார்? கடைசிப் பிள்ளைய இறக்கிட்டு நேரா வரேன். ரெண்டு நேரமும் வண்டி எழவு வீடு மாதிரி இருந்துச்சு.”

“எங்க பாப்பாவா?”

“வேற யாரு? ஏறினா வாய் ஓயாதே! காதுல பேனாவ வச்சுக்கிட்டே பேனா தேடுற டீச்சர் கதை, சத்துணவு முட்டையக் காக்கா தூக்கின கதைன்னு ஒரே ரகளை. நேத்து உங்கள மாதிரியே நடிச்சுக் காட்டுச்சு சார். ‘இன்னும் எட்டு நிமிஷம் சுதந்திரம் இருக்கும்மா’ன்னு. பிள்ளைங்க உருண்டு உருண்டு சிரிச்சுதுங்க. நானே வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்.”

மனைவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நம்ப முடியலையே. இங்க ஒரு வார்த்தை...” என்று இழுத்தான் அவன்.

“அதான் சார் வேடிக்கை. உங்க தெரு திரும்பினதும் கப்சிப்னு ஆயிடும். ஏன் பாப்பான்னு கேட்டா, ‘எங்கப்பா எழுதிடுவாரு’ங்கும்.”

ஆறு மணி தாண்டியும் அவன் புதுப் பள்ளிக்கு ஃபோன் செய்யவில்லை.

ஜூன் 13, வெள்ளி. இன்றைய தவறு என்று எழுதிவிட்டு, பழைய ‘ஒன்றுமில்லை’களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டான். பிறகு அடுத்த வரிக்குப் போனான்.

நாளைய வேலை: இந்த நோட்டை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவது.