கோல்டு கார்டும் வாசலில் ஒரு நாற்காலியும்

அடிக்கடி விமானத்தில் பறக்கிறவனைப் போல ஓர் ஏமாளி உலகத்தில் கிடையாது. தினமும் பஸ்ஸில் போகிறவனுக்குத் தான் ஒரு பயணி, அவ்வளவுதான் என்று தெரியும். பறக்கிறவன் மட்டும் அந்த விமானக் கம்பெனிக்குத் தான் ஏதோ தாய்மாமன் முறை என்று நினைத்துக்கொள்வான். நானும் நினைத்தேன். அதற்கு ஆதாரமாக என் பர்ஸில் தங்க நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது.

ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். நாங்கள் அனுப்பிய பாகத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் கனடாவிலிருந்து வாடிக்கையாளர் கூப்பிடுவார். நான் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். திட்டு வாங்குவதற்காகவே அத்தனை முறை கடல் கடந்த பர்கூர்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். திட்டு கம்பெனிக்கு, பறந்த தூரத்துக்கு விமானக்காரர்கள் கணக்கில் போடும் மைல் எனக்கு. அப்படிச் சேர்ந்ததுதான் அந்த கோல்டு.

அட்டை வந்த நாளிலிருந்து கேன்டீனில் நான் ஒரு பேராசிரியர். (யாரும் கேட்கவில்லை. இருந்தாலும்.) உலகத்து விமானக் கம்பெனிகளில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் மூன்று கூட்டணிகளாகப் பிரிந்திருக்கிறார்கள், ஒரு கம்பெனியில் சேர்த்த மைலை அதே கூட்டணியில் இருக்கும் இன்னொரு கம்பெனியில் செலவழிக்கலாம், ஒன்றில் கோல்டு என்றால் மற்றவற்றிலும் மரியாதை உண்டு என்று சாம்பார் சாதம் ஆறும்வரை விளக்குவேன். முதல் கூட்டணி பெரிய குடும்பம், எந்த நாட்டில் இறங்கினாலும் ஒரு பங்காளி இருப்பான். இரண்டாவதில் ஆள் குறைச்சல், உபசாரம் அதிகம். மூன்றாவதில் கீழ்மட்ட அட்டைக்காரனுக்குச் சிரிப்பு மட்டும்தான் கிடைக்கும். இப்படி எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அலசி, நான் முதல் கூட்டணியில் சேர்ந்திருந்தேன். எனக்கு அங்கே கிடைத்தவை: தனி வரிசை, கூடுதலாக ஒரு பெட்டி, சாப்பாடும் சோபாவும் இருக்கும் லவுஞ்ச்.

இதை ரசித்துக் கேட்ட ஒரே ஜீவன் என் மாமனார் முனிராஜ். கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில் தக்காளியும் ரோஜாவும் போடுகிறவர், பல வருடம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். கூட்டணி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

"அதுல தலைமை யாரு மாப்ள?" என்றார் ஒரு நாள்.

"அப்டி தலைமைன்னு யாரும் இல்ல மாமா."

"அப்ப சீக்கிரம் ஒடையும்."

இந்த நேரத்தில்தான் என் மச்சினி கீதாவுக்கு டொரன்டோவில் பிரசவம் என்று நாள் குறித்தார்கள். மாமாவும் அத்தையும் போக வேண்டும். அத்தை லட்சுமம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை. எனக்கும் அதே வாரத்தில் கனடாவில் ஒரு திட்டு பாக்கி இருந்தது. என் மைல்களைக் கொடுத்து அவர்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து, நானே கூட்டிப்போய் விடுகிறேன் என்று அறிவித்தேன். வீட்டில் என் மதிப்பு அன்று தொட்ட உயரத்தை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

என் மனைவி சுமதிக்கு மட்டும் திருப்தியில்லை. "வளைகுடா வழியா போற ப்ளைட்டு லேசாம். இவ்ளோ நேரம் காத்திருக்க வேணாம்னு கீதா சொல்றா. அதுலயே போட்டுடலாமே?"

"அது எந்தக் கூட்டணியிலயும் இல்ல சுமதி. என் கார்டு அங்க செல்லாது."

"கூட்டணி இல்லாம நின்னா டெபாசிட் போயிடும்மா," என்றார் மாமா. பேச்சு முடிந்தது.

கிளம்பிய அன்று அத்திப்பள்ளியில் ஆரம்பித்த நெரிசல் பெங்களூரின் அடுத்த முனைவரை விடவில்லை. விமான நிலையம் ஓசூருக்கு எதிர்த்திசையில் இருப்பது எங்கள் ஊர்க்காரர்களின் தலையெழுத்து. ஆனால் உள்ளே நுழைந்ததும் நான் ராஜா. நீண்ட வரிசையைக் கடந்து கோல்டு கவுன்டருக்கு இருவரையும் கூட்டிப்போனேன். அத்தை மகளுக்காகக் கட்டியிருந்த பிரசவ லேகியம், ராகி மாவு, பூண்டு ஊறுகாய், பழைய பருத்திப் புடவையில் கிழித்துத் துவைத்த குழந்தைத் துணி எல்லாம் எடை மீறின. "என் பேர்ல போடுங்க" என்று அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் எதிர்ப்பேச்சு இல்லாமல் என் பெயரில் சீட்டு ஒட்டி அனுப்பினாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு எனக்கே சீட் கொடுத்திருப்பார்.

பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து லவுஞ்ச் வாசலுக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞன் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வெல்கம் சார். உங்களோட ஒரு கெஸ்ட் வரலாம்."

"நாங்க மூணு பேரு."

"ஒரு கெஸ்ட் சார்."

மூன்று கூட்டணிகளின் சலுகைகளையும் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஒரு வரி கண்ணில் படவில்லை. அட்டை வாங்கியதிலிருந்து நான் தனியாகவே போய்த் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். வாதாடினேன், கெஞ்சினேன். அவன் சிரிப்பு மட்டும் மாறவில்லை. மூன்று பேரும் திரும்பிப் போயிருக்கலாம். மனிதப் பிறவி என்றால் அதைத்தான் செய்திருக்கும். ஆனால் மாமா அதற்குள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துவிட்டிருந்தார்.

"லட்சுமி, நீ இங்க குந்து. பத்து நிமிசத்துல வந்துடறோம்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினேன். "ஒங்களுக்கு எதுனா எடுத்தாறன் அத்தை" என்று வேறு சொன்னேன். (அதை வெளியே கொண்டுவரக் கூடாது என்பது இன்னொரு விதி.) தொலைத்துவிடுவாள் என்று அத்தையின் போனை மாமா தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் மட்டும் அத்தையின் கைப்பையில் இருந்தன.

உள்ளே மெத்தென்ற நாற்காலி, மெல்லிய இசை. அமைதி கெடக் கூடாதென்று அங்கே அறிவிப்புகளே கிடையாது. மாமா தட்டை இரண்டாம் முறை நிரப்பினார். நான் அவருக்கு முன்னுரிமை போர்டிங் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். "நம்ம அவசரப்படத் தேவயில்ல மாமா. எப்ப போனாலும் நமக்கு வழி உடுவாங்க."

வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

மாமா முதலில் சாதாரணமாகக் கூப்பிட்டார். பிறகு தக்காளித் தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடும் குரலில், "ஏ லட்சுமீ!" என்றார். வாசனைத் திரவியக் கடையில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெண்கள் கழிப்பறை வாசலில் நின்று, துப்புரவு செய்த அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் உள்ளே பார்க்கச் சொன்னேன். சாக்லேட் கடை, புத்தகக் கடை, தொழுகை அறை எதையும் விடவில்லை. காவலரிடம், "பச்சைப் புடவை, மூக்குத்தி" என்று அடையாளம் சொன்னேன். என் மாமியாரைத் தொலைத்துவிட்டேன், சுமதிக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர என் மண்டையில் எதுவும் ஓடவில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி யாரோ இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அது எங்கள் பெயர்தான் என்பது, அந்த உச்சரிப்பில், மிகத் தாமதமாகத்தான் புரிந்தது.

விமானம் ஏறும் வாயில் மாறியிருந்தது. புதிய வாயிலுக்கு ஓடினோம். கதவு மூடியிருந்தது.

"சார், உங்களோட வந்த மேடம் எப்பவோ ஏறிட்டாங்க," என்றாள் அங்கிருந்த பெண். "வீட்டுக்காரர் எங்கேன்னு கேட்டோம். சாப்பிட்டுட்டு இருக்காங்க, வருவாங்கன்னு கன்னடத்துல சொன்னாங்க."

"என்ன உட்டுட்டா போயிட்டா?" என்றார் மாமா. அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் தங்க அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"தேங்க்யூ ஃபார் யுவர் லாயல்டி சார். டோர் க்ளோஸ்டு."

விமானம் உடனே கிளம்பவும் இல்லை. ஏறாத ஆளின் பெட்டி விமானத்தில் இருக்கக் கூடாதாம். தேடி இறக்கினார்கள். யார் பெயரில் சீட்டு ஒட்டியிருந்ததோ அவன் பெட்டிகள். லேகியம், ராகி, ஊறுகாய், குழந்தைத் துணி எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. அத்தை கைப்பையோடு பறந்தார்.

பிறகு தெரிந்துகொண்டது இது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தைக்குப் பக்கத்தில் அனந்தப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் டொரன்டோ, அவர் மகளுக்கும் பிரசவம். அத்தைக்கு வீட்டிலேயே தெலுங்கு புழங்கும். இருவரும் அரிசி விலையில் ஆரம்பித்து மருமகன்களுக்கு வந்திருக்கிறார்கள். வாயில் மாறிய அறிவிப்பு வந்ததும் அந்த அம்மா எழுந்தார், அத்தையும் எழுந்தார். லவுஞ்ச் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கெஸ்ட் ஒருவர்தான் என்று அந்தச் சிரிப்புக்காரன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். பிராங்க்ஃபர்ட்டில் இருவரும் கைகோத்து அடுத்த விமானத்துக்கு மாறினார்கள். டொரன்டோவில் அந்த அம்மாவின் மருமகன் போனிலிருந்து கீதாவுக்குக் கூப்பிட்டார்கள். மறுநாளே வலி எடுத்தது. பெண் குழந்தை. அத்தை கூட இருந்தார்.

எங்கள் மைல்கள் திரும்பவில்லை. முதல் விமானத்தைத் தவறவிட்டவனுக்கு மிச்சப் பயணமும் ரத்து என்பது எல்லாக் கூட்டணிக்கும் பொதுவான கொள்கை போல. என் திட்டை வாங்க ஆபீஸில் பிரகாஷை அனுப்பினார்கள். அவன் அங்கே திட்டு வாங்காமல் புதிய ஆர்டர் வாங்கிவந்து, இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான். மாமா அடுத்த மாதம் வளைகுடா வழியாகத் தனியாகப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் என் அட்டை வெள்ளி நிறத்துக்கு இறங்கியது.

ஆறு மாதம் கழித்து அத்தையும் மாமாவும் ஊர் திரும்பினார்கள். சுமதியோடு பார்க்கப் போனேன். அத்தை காபி கொடுத்தார், குழந்தையின் படங்களைக் காட்டினார், அந்த ஊர்க் குளிரைப் பற்றிப் பேசினார். நான் தப்பித்தேன் என்று நினைத்து எழுந்தபோது நிதானமாகக் கேட்டார்.

"ஏன் மாப்ள, உள்ள அப்டி என்னாதான் போட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரியாணி என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார்.

"உப்புமா, அத்தை."

அத்தை என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். உள்ளே சுமதியிடம் ஏதோ சொல்லும் குரல், அதன்பின் சுமதியின் சிரிப்பு. என் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் உப்புமா என்ற சொல்லே கிடையாது. இன்று காலையும் குளித்துவிட்டு வந்து, டிபன் என்ன என்று கேட்டேன்.

"கோல்டு மெம்பர்தான்," என்றாள் சுமதி. "சட்னி அரைக்கல."