ஷாரோனுக்கு பாசிட்டிவ்

கொரோனா வந்த பிள்ளை மாடிப்படிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெபமலர் போனைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மறுபடியும் போன். ‘ஷாரோன், வயது 7, பாசிட்டிவ்.’ முந்தாநாள் தெருமுனைப் பரிசோதனை முகாமுக்கு ஷாரோனைக் கூட்டிப்போய் வந்தது அவள் கணவன் ஏசுதாசன்.

“ஏட்டி, தொண்டை வலிக்கா?”

“இல்லியே.”

“மணம் தெரியுதா?”

“பக்கத்து வீட்டுல நெத்திலி பொரிக்காவ. ரெண்டாவது சட்டி.”

ஜெபமலருக்குப் பயம் கூடியது. “என்னங்க, அறிகுறியே இல்லாம வந்திருக்கே!”

“பிள்ளைகளுக்கு அப்படித்தான் வருமாம்” என்று சொல்லிவிட்டு ஏசுதாசன் இருமினான். குற்றாலத்தில் சீசன். சாரல் காற்றுக்குத் தென்காசியே இருமிக்கொண்டிருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இன்னும் பத்து நாளில் இலஞ்சியில் அவள் தம்பி ஜெபசிங்குக்குக் கல்யாணம். ஊரடங்கால் இரண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம். இன்னொரு தடவை தள்ளினால் வேறு மாப்பிள்ளை பார்ப்பேன் என்று வாசுதேவநல்லூர் சம்பந்தி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஆகவே கொரோனாவை ஓர் அறைக்குள் அடைப்பது என்று ஜெபமலர் முடிவுசெய்தாள். ஷாரோன் உள்ளே போனாள்.

“எம்மா, எத்தன நாளு?”

“வாயத் தொறக்காத, பரவும்.”

அடுத்தது, நோயில்லாத ஆளைக் காப்பாற்ற வேண்டும்.

“என்னங்க, இங்கன இருந்தா ஒங்களுக்கும் ஒட்டிக்கிடும். இலஞ்சிக்குப் போயி தம்பி கூடவே இருங்க.”

“அதுவும் சரிதான்” என்று தும்மிவிட்டு ஏசுதாசன் கிளம்பினான். மாப்பிள்ளையோடு ஒரே பாயில் படுத்தான். ஒரே இலையில் பரோட்டா தின்றான்.

நான்காம் நாள் ஜெபசிங் கூப்பிட்டான். “யக்கா, தலை வலிக்கு. ஒடம்பு கொதிக்கி.”

“கல்யாணப் பயம்லே.”

“பந்தல்காரரும் இருமுதாரு. அவருக்கு என்னக்கா பயம்?”

ஜெபமலர் குழம்பினாள். பூட்டிய அறையிலிருந்து ஷாரோனின் கிருமி எப்படி இலஞ்சி போனது? ஏசுதாசனின் சட்டையில் ஒட்டித்தான் போயிருக்க வேண்டும். உடனே போனிலேயே உத்தரவு போட்டாள். அவன் சட்டைகளையெல்லாம் வெந்நீரில் அவித்தார்கள். அவனுக்குப் புதுச்சட்டை மாட்டி, காய்ச்சல்காரர்களிடமிருந்து தப்பிக்க, கல்யாணச் சேலையோடு பெண்வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

மூன்று நாள் கழித்துச் சம்பந்தி பேசினார். பாதி பேச்சு, பாதி இருமல்.

“யம்மா, தப்பா நெனைக்காதீய. இங்கன எல்லாரும் படுத்துட்டோம். நாங்களே தள்ளி வச்சுக்கிடுதோம்.”

“வேற மாப்பிள்ளை பாப்பியளோ, மாமா?”

“எந்திரிச்சு நடந்தால்லா பாக்க!”

அன்று சாயங்காலம் முகாம் நர்ஸ் இசக்கிமணி விசாரிக்க வந்தாள். ஷாரோனின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஜெபமலருக்கு அழுகை முட்டியது.

“இவ ஒருத்தியால ரெண்டு ஊரு படுத்துட்டுதே, சிஸ்டர்! எந்தம்பி கல்யாணமும் போச்சே!”

“இவளாலயா?” என்று இசக்கிமணி முழித்தாள். “இவதான் குச்சியக் கண்டதும் ஓடிட்டாளேக்கா. அண்ணாச்சிதான், ‘எம் மூக்குல எடுத்து அவ பேர எழுதுங்க, ரெண்டும் ஒரே ரத்தந்தான’ன்னாவ.”