கனடாவில் வசிக்கும் என் கைத்தொலைபேசி

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த சாதனங்களுள், தான் எதுவுமே செய்யாமல் தன் சொந்தக்காரனைச் சபையில் உயர்த்தி வைக்கும் வல்லமை ஒன்றுக்குத்தான் உண்டு. அந்த ஒன்று என்னிடம் இருக்கிறது. பெயர் அம்புறோஸ், தொழில் கடல், பதவி, எங்கள் தீவில் சுருவிலுக்குப் பக்கத்துக் கரையொன்றில் களங்கண்டித் தொழிலாளர் சங்கச் செயலாளர். இவ்வளவும் இருந்தும், அந்தப் போன் வரும்வரை என்னை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அனுப்பியவன் என் மனைவி கத்தரீனாவின் தம்பி றொபேட். ரொறன்ரோவில் இருக்கிறான். தான் புதிது வாங்கியதும், பழையதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். பின்பக்கத்தில் மூன்று கமரா. முன்பக்கத்தில் முகம் தெரியும் கண்ணாடி. கத்தரீனா அதன்மேல் கோயில் தீர்த்தம் தெளித்தாள். நான் எங்கள் உள்ளூர்ச் சிம்மை எடுத்து அதற்குள் போட்டேன்.

போன் மரியாதையாக மறுத்துவிட்டது. தன்னை விற்ற கனடாக் கொம்பனியின் சிம்மைத் தவிர வேறொன்றையும் அது தொடாதாம். இந்தக் காலத்தில் இப்படியொரு விசுவாசம் எங்கே கிடைக்கும்? எங்கள் கோயிலிலேயே கிடைக்காது.

ஆகவே அதில் கதைக்க முடியாது. இதை ஒரு 'குறை' என்று சொல்லக்கூடிய சிறுமதியாளர்கள் உலகில் இருக்கிறார்கள். கதைப்பதற்கு என்னிடம் ஒரு பொத்தான் போன் இருந்தது. அதை இடுப்பில் கட்டிய சாரத்து மடியில் செருகிக்கொண்டு, கனடாப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒருநாள் சங்கக் கூட்டத்தில், கனடாப் போனைக் காதில் வைத்து "ஓம், ஓம், ரொறன்ரோவில குளிர்தானே" என்று நான் பேசிக்கொண்டிருக்கையில் மடி மணியடித்தது. சபை முழுதும் என் வயிற்றைப் பார்த்தது.

"அது ரெண்டாவது லைன்" என்றேன்.

அன்றிலிருந்து தலைவர் சில்வெஸ்ரர் எனக்குக் கைவைத்த கதிரை போடச் சொன்னார்.

போனின் நேரமும் கனடா நேரம்தான். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பத்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் எங்கள் நேரம் வந்துவிடும். மூளைக்கும் நல்லது.

"இஞ்சேருங்கோ, நேரம் என்ன? உலை வைக்கவேணும்" என்று குசினியிலிருந்து கத்தரீனா கேட்பாள்.

"ராத்திரி பன்னிரண்டு."

"அப்ப எங்களுக்கு?"

"பத்தரையைக் கூட்டும்."

"எனக்குச் சோறு வைக்கத்தான் தெரியும். கணக்குப் பாக்கிறதுக்கு ஒரு வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

காலநிலையும் அப்படியே. சுருவில் ரோட்டில் தார் இளகும் மத்தியானத்தில், 'கடும் பனிப்பொழிவு. அவசியமின்றி வெளியே செல்ல வேண்டாம்' என்று அது என்னை எச்சரித்தது. என் நலனில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் சொந்தத்திலும் இல்லை. நானும் அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை.

இணையத்துக்கு மட்டும் பங்குச் சுவாமி தங்கும் அறைவீட்டு வைபைதான் கதி. அது கோயிலின் பின்மதில் வரைக்கும் எட்டும். காலையும் மாலையும் அந்த மதிலடியில் தலைகுனிந்து நின்றேன். ஞாயிற்றுப் பூசையில் சுவாமி பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அம்புறோசைப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் கோயில் மதிலடியில தலை குனிஞ்சு நிக்கிறார். உங்களில எத்தினை பேருக்கு இந்தப் பக்தி இருக்கு?" கத்தரீனாவுக்கு மட்டும் இருமல் வந்தது.

இப்படி நாங்கள் இருவரும், அதாவது நானும் போனும், மகிழ்ச்சியாக இருந்த பெப்ரவரி மாதத்தில்தான் சங்கத்துக்கு நவீனம் வந்தது.

எங்கள் தொழிலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழமில்லாத கடலில் தடி நட்டு, வலை கட்டி, மீனும் இறாலும் தானாக வந்து மாட்டும்படி செய்வது களங்கண்டி. நல்ல இடம், கெட்ட இடம் உண்டு; அதனால் வருடத்துக்கு ஒருமுறை கோயில் முற்றத்தில் எல்லாருடைய பெயரையும் கடதாசித் துண்டில் எழுதி, மண்சட்டியில் போட்டுக் குலுக்கி, சுவாமி கையால் எடுத்து இடம் பிரிப்பார்கள். சட்டியில் பெயர் இல்லாதவருக்கு அந்த வருடம் கடலில் இடமில்லை.

கடற்றொழில் திணைக்களத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் வினோஜா கூட்டத்தில் எழுந்து சொன்னார்: "இந்த வருசம் பேரெல்லாம் 'கடல்வாசல்' எண்ட செயலியிலதான் பதியவேணும். போனில ரெண்டு நிமிஷ வேலை. இருபத்தெட்டாந் திகதியோட பூட்டிப்போடும். பதிஞ்ச பேர்தான் சட்டிக்குள்ள போகும். ஏலாத ஆக்கள் ஊர்காவற்றுறையில என்ரை கந்தோருக்கு வாங்கோ, நான் பதிஞ்சு தாறன்."

சில்வெஸ்ரர் மீசையைத் தடவினார். "கந்தோருக்கு என்னத்துக்குப் பிள்ளை? எங்கடை செயலாளரிட்டைக் கனடாப் போன் இருக்கு. போன் இல்லாத ஆக்கள் அவரிட்டைக் குடுங்கோ."

சபை கைதட்டியது. நான் எழுந்து நின்று தலையசைத்தேன். நூறு கைகள் தட்டும்போது 'ஏலாது' என்று நீங்கள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பிறகு என்னைக் குறை சொல்லலாம்.

மற்றவர்கள் வேலணையில் வாங்கிய மலிவுப் போன்களில், தேத்தண்ணி ஆறுவதற்குள் பதிந்துவிட்டார்கள். அந்தப் போன்கள் எந்தச் சிம் கொடுத்தாலும் வாங்கும். எந்தச் செயலியைக் கேட்டாலும் இறக்கித் தரும். தராதரம் பார்க்கத் தெரியாதவை. என்னைப் போன்ற நிர்வாகிகளின் பெயரைத் திணைக்களமே பதிந்துவிட்டது. மிஞ்சியவர் ஒருவர்தான்: அல்போன்சம்மா. புருஷன் காலமான பிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் தானே இறங்கிக் களங்கண்டி பார்க்கிறவர். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதில் வரும் இறாலில்தான். அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"தம்பி, உம்மடை போனில இது ஏலுமே? ஏலாட்டிச் சொல்லும். நான் அந்தக் கந்தோர்ப் பிள்ளையிட்டைக் குடுக்கிறன்."

"கனடாவில இருந்து வந்த போன் அக்கா. இதில ஏலாட்டி வேறை எதில ஏலும்? ஓம், நான் பதியிறன். யோசியாதேங்கோ."

"கோயில் முத்தத்தில நிண்டு ஓம் எண்டு சொல்லுறீர். எனக்கு அது காணும்."

மதிலடிக்குப் போனேன். 'கடல்வாசல்' என்று தட்டினேன். போன் யோசித்தது. பிறகு சொன்னது: 'இந்தச் செயலி உங்கள் நாட்டில் கிடைக்காது.'

எனக்குப் புல்லரித்தது. குடியுரிமைக்காக எங்கள் பெடியள் எத்தனை கடல், எத்தனை காடு கடந்து, எத்தனை வருடம் காத்துக் கிடக்கிறார்கள்! எனக்கோ கோயில் மதிலடியில் சாரத்தோடு நிற்கும்போதே கிடைத்துவிட்டது. சுருவில் கடலில் தடி நட ஒரு கனடாக்காரனுக்கு என்ன உரிமை என்று போன் கேட்டது. நியாயமான கேள்வி. சட்டம் தெரிந்த போன்.

போனில் நாட்டை மாற்றுவதற்கு றொபேட்டின் கடவுச்சொல் வேண்டும். அன்றைக்கே அவன் வீடியோவில் வந்தான்.

"அத்தான், போன் எப்பிடி?"

"சோக்காய் இருக்குது."

"சிம் வேலை செய்யுதே? லொக் கிக் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ. கொம்பனிக்கு ஒரு கோல் எடுத்தா, உடனை திறந்து விடுவாங்கள்."

"லொக்கோ? சீச்சீ! அளந்து செய்தமாதிரி இருக்குது தம்பி."

வாசகர்கள் அவசரப்படக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த சாமானில் குறை சொல்வது எங்கள் தீவில் வழக்கமில்லை. பிரான்சிலிருந்து வந்த சப்பாத்து சில்வெஸ்ரருக்கு இரண்டு சைஸ் பெரிது. முன்னுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டு ஏழு வருடம் பூசைக்குப் போனார். எட்டாம் வருடம் படியில் விழுந்து பல் போனபோதும், சப்பாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் பிரான்சுக்கு அறிவித்தார். நான் மட்டும் எப்படி மரபை மீறிக் கடவுச்சொல் கேட்பது?

அல்போன்சம்மா நாளுக்கு ஒருமுறை கேட்டார். "பதிஞ்சாச்சே தம்பி?"

"போய்க்கொண்டிருக்குது அக்கா. கனடா வழியாப் போகவேணும். கொஞ்சம் சுணங்கும்."

கேட்க வரும்போதெல்லாம் வெறுங்கையோடு வரவில்லை. ஒருநாள் இறால், ஒருநாள் நண்டு. அப்போது எனக்கு உள்ளுக்குள் சுட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கத்தரீனா குழம்பை என் சோற்றுக் கோப்பையில் ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள்.

"உங்களுக்கு இந்த இறால் தொண்டையால இறங்குதே? அந்த அட்டையைக் கொண்டுபோய் வினோஜாவிட்டைக் குடுங்கோவன்."

"கனடாப் போன் வைச்சிருக்கிற செயலாளர், ஏலாத ஆக்களின்ரை வரிசையில போய் நிக்கிறதோ? சங்கத்தின்ரை மானம் என்னாகிறது?"

"சங்கத்தின்ரை மானமோ, உங்கடை மானமோ?"

பெண்களுக்கு நிர்வாகம் விளங்காது. ஆனாலும் கடைசி நாளில் நான் என் மானத்தைத் தியாகம் செய்யத் தீர்மானித்தேன். இப்படிப்பட்ட தீர்மானத்தைக் கடைசி நாளில் எடுப்பதுதான் நிர்வாக முறை. காலையில் எழுந்து போனைப் பார்த்தேன். பெப்ரவரி இருபத்தெட்டு, இரவு பத்தே முக்கால். பத்தரையைக் கூட்டினேன்: காலை ஒன்பதே கால். ஒரு முழுப் பகல் மிச்சமிருக்கிறது! அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் பாட்டோடு ஊர்காவற்றுறைக்குப் போனேன்.

வினோஜா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, நேற்றோட பூட்டியாச்சு."

"கடைசி நாள் இருபத்தெட்டுத்தானே பிள்ளை?"

"ஓம். இண்டைக்கு மார்ச் முதலாந் திகதி." சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார்.

நான் புன்னகைத்தேன். கந்தோர்க் கலண்டர்களின் நம்பகத்தன்மை எனக்குத் தெரியும். போனை நீட்டினேன். "இதைப் பாரும்."

"அது ரொறன்ரோவில அண்ணை. அங்கை இன்னும் இருபத்தெட்டு முடியேல்லை."

மணியைக் கூட்டப் பழகியவன் திகதியைக் கூட்டப் பழகவில்லை. ஆனாலும் ஒரு செயலாளர் அவ்வளவு லேசில் விடமாட்டான்.

"அப்ப அங்கை பதியலாமே?"

"அங்கை களங்கண்டி இல்லையண்ணை." பிறகு வினோஜாவின் குரல் மாறியது. "நேற்று மத்தியானம் வரைக்கும் அந்தம்மா வருவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். இனி அடுத்த வருசம்தான். என்னாலையும் திறக்க ஏலாது."

திரும்பி வரும்போது பாட்டு வரவில்லை. அல்போன்சம்மாவிடம் சொல்ல வாயும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் சட்டி குலுங்கியது. வினோஜா பதிவேட்டோடு பக்கத்தில் நிற்க, சுவாமி ஒவ்வொரு துண்டாக எடுத்து வாசித்தார். அல்போன்சம்மா புதுச் சேலை உடுத்து முன்வரிசையில் நின்றார். கடைசித் துண்டும் முடிந்தது. சுவாமி சட்டிக்குள் ஒருமுறை கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிறகு வெறுங்கையை எடுத்தார்.

"என்ரை பேர்?" என்றார் அல்போன்சம்மா.

கடமை என்னை அழைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தேன். "மதிப்புக்குரிய சபையோரே! தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களாலும், கனடாக் கொம்பனியொன்றின் கட்டுப்பாடுகளாலும், இரு நாடுகளுக்கிடையிலான நேர வித்தியாசத்தாலும்..." என்று தொடங்கிக் கால் மணித்தியாலம் பேசினேன். நல்ல பேச்சு. எனக்கே பாதி விளங்கவில்லை.

சில்வெஸ்ரருக்கு ரத்தம் கொதித்தது. "கொம்பனியை விடக்கூடாது! எங்கடை ஆக்களின்ரை வயித்தில அடிச்ச கொம்பனியை வன்மையாகக் கண்டிச்சு ஒரு தீர்மானம் போடுவம்! அதோடை, இவ்வளவு கஷ்டத்துக்குள்ளையும் பாடுபட்ட செயலாளருக்கு ஒரு நன்றித் தீர்மானமும்!"

கைகள் உயரத் தொடங்கின. அல்போன்சம்மாவின் கை உயரவில்லை. அவர் நேரே என்னிடம் வந்தார்.

"உந்தப் போனை ஒருக்காத் தாரும்."

கொடுத்தேன். அதை வினோஜாவிடம் நீட்டினார். "பிள்ளை, அந்தப் பதிவைக் கேட்டா இது என்ன சொல்லுது எண்டு வாசிச்சுச் சொல்லும்."

அன்றைக்கென்று பார்த்து, முற்றம் வரைக்கும் அறைவீட்டு வைபை எட்டியது. வினோஜா தட்டினார், வாசித்தார். "இந்தச் செயலி உங்கள் நாட்டில் கிடைக்காது."

"எப்ப இருந்து இப்பிடிச் சொல்லுது?"

வினோஜா என்னைப் பார்த்தார். சுவாமியும் பார்த்தார். உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன.

"முதல் நாளில இருந்து" என்றேன்.

அல்போன்சம்மா போனின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, என் கையில் திருப்பி வைத்தார்.

"நல்ல போன் தம்பி. இதின்ரை கொம்பனியை ஒருத்தரும் கண்டிக்காதேங்கோ. இது முதல் நாளே முகத்துக்கு நேரை ஏலாது எண்டு சொல்லியிருக்கு. ஓம் எண்டது நீர்."

கனடாக் கொம்பனிக்கு எதிரான கண்டனத் தீர்மானமும், செயலாளருக்கு நன்றித் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியதாகக் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. அல்போன்சம்மா சொன்னது அதில் இல்லை. சங்கத்தின் யாப்பு விதிப்படி, குறிப்பேடு எழுதுவது செயலாளரின் வேலை.