மேஜைக்கடியில் ஒரு போன்

"இந்தக் கம்பெனி எந்த வருஷம் ஆரம்பிச்சது சார்?"

முதல் கேள்வியிலேயே ஸ்டோர்கீப்பர் மாட்டிக்கொண்டார். பழைய ஸ்டோர்கீப்பர் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த இன்டர்வியூவும் ஊற்றிக்கொண்டால் மைத்துனர் கடையில் போய் நிற்க வேண்டும். மைத்துனரின் இளிப்பை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. கையில போன் எதுக்கு இருக்கு?"

போனைத் தொடைமேல் வைத்து, முகத்தில் யோசனையைக் காட்டியபடி மேஜைக்கடியில் கட்டைவிரலால் தட்டினார். கிடைத்துவிட்டது.

"எழுபத்தெட்டு சார்!"

எதிரே டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பணிவாகத் தலையாட்டினார். ஸ்டோர்கீப்பர் அறைக்குள் நுழைந்ததுமே எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதர் அவர். இப்படியும் ஆபீசர்கள் இருக்கிறார்களே என்று இவர் அப்போதே வியந்துபோயிருந்தார்.

"மொத்தம் எத்தனை பிராஞ்ச் சார்?"

இந்த முறை சிக்னல் காலை வாரியது. திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்து போனை ஜன்னல் பக்கம் நீட்டினார். காலில் போட்டிருந்தது செருப்பு என்பது பிறகுதான் உறைத்தது.

"என்ன சார் தேடறீங்க?"

"பேனா சார்... விழுந்துடுச்சு..."

பதற்றத்தில் விரல் எதையோ அழுத்த, மேஜைக்கடியிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"நீங்கள் கேட்டது புரியவில்லை. மீண்டும் தெளிவாகக் கேளுங்கள்."

டைக்காரர் வெலவெலத்துப்போனார். "மன்னிச்சிடுங்க சார். இந்தக் கம்பெனிக்கு மொத்தம் எத்தனை பிராஞ்ச்?" என்று உரக்கக் கேட்டார்.

"பதினான்கு," என்றது குரல்.

"பதினாலு சார்," என்றார் ஸ்டோர்கீப்பர், தலையை மேலே கொண்டுவந்து.

டைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். அந்தச் சாதனையோடு போன் சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டது. இனி சொந்த மூளைதான்.

"லீவெல்லாம் எப்படி சார்?"

ஆசாமி ஆழம் பார்க்கிறார்! ஸ்டோர்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லீவுங்கற பேச்சுக்கே இடமில்ல சார்!"

டைக்காரர் எச்சில் விழுங்கினார். "சாயங்காலம்... எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"கடிகாரத்தைப் பாக்கறவங்களுக்கு இங்க என்ன சார் வேலை?"

டைக்காரர் டையைத் தளர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மனிதர் அசந்தே போய்விட்டார் என்று ஸ்டோர்கீப்பருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேலை கிடைத்த மாதிரிதான். மைத்துனர் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டார்.

அப்போது கதவு திறந்தது. தரை துடைக்கிற அம்மா வாளியும் கையுமாக எட்டிப்பார்த்தார்.

"அடடா, இன்டர்வியூக்கு வந்த ரெண்டு பேரும் இங்கயா உக்காந்திருக்கீங்க? ஒருத்தருமே வரலைன்னு ஆபீசர் இப்பத்தானே வீட்டுக்குக் கிளம்பிப் போனாரு!"